கூட்டத்துக்குள் நடக்காதீர்கள்: அடையாறு முகத்துவாரத்துக்கு வரும் பறவை நோக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பறவை நோக்கர்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும்,

செப்டம்பர் பிறந்தால் சென்னை அடையாறு முகத்துவாரத்தில் டெலிஸ்கோப்புகளும் நீண்ட லென்சுகளும் தென்படத் தொடங்கிவிடும். தாராளமாக வாருங்கள். ஆனால், உடைந்த பாலத்தருகே உள்ளான் (சேற்றில் மேயும் சிறு கரைப்பறவை) கூட்டத்தைக் கண்டதும் சேற்றில் இறங்கி அதை நோக்கி நடப்பதை நிறுத்துங்கள். பறவைகளின் நலனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படி நடப்பவர்களுக்கு அரிய பறவை அநேகமாகக் கிடைப்பதே இல்லை. கிரேட் நாட்டோ பிராட்-பில்டு சாண்ட்பைப்பரோ தனியாக வந்து போஸ் கொடுக்காது. கொசு உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் நடுவே ஒன்றோ இரண்டோ நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வந்தால்தான் அது கண்ணில் படும். கூட்டம் எழும்பிவிட்டால் அத்தனை வேலையும் வீண்.

நேரத்திலிருந்து தொடங்குவோம். மும்பை சிவ்ரியில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், 4 மீட்டருக்கும் மேல்கூட ஏறி இறங்கும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட அது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே இங்கே வெளிப்படும் சேறு குறுகலானது. ஓர் ஆள் இறங்கினாலே பாதிப் படுகை காலியாகிவிடும். ஓத அட்டவணையில் இருப்பது துறைமுகத்துக்கான நேரம். முகத்துவாரத்தின் உள்ளே தண்ணீர் அதற்குச் சற்றுப் பிந்தியே ஏறும். நீர் வடியத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன்கூட்டியே வந்து ஓரிடத்தில் நின்றுகொண்டால், சேறு வெளிப்பட வெளிப்படப் பறவைகளே உங்கள் பக்கம் மேய்ந்து வரும்.

அந்த அட்டவணையும் எப்போதும் கைகொடுக்காது. மழைக்காலம் முடிந்து ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் ஆற்றின் வாயை அடைக்கத் தொடங்கும். முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே நீர்மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்காது. வாய் திறந்திருக்கிறதா என்று ஊரூர் குப்பத்திலோ சீனிவாசபுரத்திலோ மீனவர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும். (வலை காயவைக்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

காலையில் கடல் பக்கம், அதாவது உடைந்த பாலத்தருகே நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். காலின் நிறம்வரை தெரியும். மாலையில் திரு.வி.க. பாலத்திலிருந்து கிழக்கே பாருங்கள். அங்கே ஒரு சிக்கல்: பேருந்து போகும்போதெல்லாம் பாலம் அதிரும். முக்காலியின் கால்களை நீட்டாமல் தாழ வைத்து, டெலிஸ்கோப்பின் உருப்பெருக்கத்தை 20 அல்லது 25 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு மேல் கானல் எழும்பிய பிறகு 60 மடங்குக்குத் திருகினால் கானல்தான் பெரிதாகும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று மீட்டர் கணக்குக் கேட்காதீர்கள், பறவையைப் பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று உறங்கியது மற்றக் காலையும் ஊன்றினால், மேய்ந்தவை தலை தூக்கினால், எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே கூடுதலாக நெருங்கிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். உயர் ஓதத்தின்போது அவை மணல்திட்டில் ஒடுங்கியிருப்பது ஓய்வுக்காக. சுமார் 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக்வரை பறப்பதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. பறக்கும் படத்துக்காகக் கை தட்டிக் கிளப்புவது, ட்ரோனை மேலே அனுப்புவது இரண்டும் அந்தச் சேமிப்பில் கை வைப்பவை. ட்ரோனைக் கண்டால் வல்லூறு வந்துவிட்டதாகவே அவை மிரளும்.

இனி, பதிவுகளில் அடிக்கடி பிசகும் இடங்கள். கரண்டிவாய் உள்ளான் என்று அனுப்பப்படும் படங்களில் கொசு உள்ளானின் அலகு நுனியில் ஒட்டிய சேற்று உருண்டையைப் பார்க்கலாம். சில நிமிடம் காத்திருங்கள், அது கழுவிக்கொள்ளும். உண்மையான கரண்டிவாயை நேர் பக்கத்திலிருந்து பார்த்தால் கரண்டி தெரியவே தெரியாது. முன்னாலிருந்து பார்க்க வேண்டும். குளிர்காலச் சாம்பல் இறகில் செங்கழுத்து உள்ளானையும் கொசு உள்ளானையும் ஒரே ஒரு படத்தை வைத்துப் பிரிக்கத் துணியாதீர்கள். ஏப்ரலில் பாருங்கள்: செங்கழுத்துக்குத் தொண்டையே செங்கல் நிறமாகும், கொசு உள்ளானுக்குத் தொண்டை வெள்ளையாகவே இருக்கும். பிராட்-பில்டுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக்கோடு இரண்டாகப் பிரியும், அலகு நுனியில் சட்டென்று கீழே மடங்கும். மணல் உப்புக்கொத்திகளில் அலகின் நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்புவரை உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அலகு தெளிவாக நீண்டிருந்தால் பெரிய மணல் உப்புக்கொத்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். காலும் நீளமா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

எண்ணூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் மேற்பரப்பு காய்ந்து பாளம் பாளமாகத் தெரியும், அடியில் கூழ். தனியாக இறங்க வேண்டாம், கரையிலிருந்தே பாருங்கள்.

மார்ச்சுக்குப் பிறகு காலடியிலும் கவனம் வேண்டும். 2023இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட ஹனுமன் உப்புக்கொத்தி தென்னிந்தியக் கடலோரத்திலும் இலங்கையிலுமே முட்டையிடுவது. வெறும் மணலில், சிப்பித் துண்டுகளுக்கிடையே இருக்கும் முட்டை கண்ணுக்குப் புலப்படாது. தாய் எழுந்து விலகிவிட்டால் நண்பகல் வெயிலில் முட்டை வெந்துவிடும், அல்லது காகம் கொத்திவிடும். கூட்டின் படத்தையும் இடத்தையும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

குழு நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள். அரிய பறவை தென்பட்டதும் லொகேஷன் பின் அனுப்புவதைத் தடுத்து, எந்தக் கரையில் எங்கே நின்று பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்லச் செய்யுங்கள். காலில் கொடி (ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டும் வண்ணப் பட்டை) கட்டிய பறவை என்றால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, கொடிகளின் நிறம், மேலிருந்து கீழாக அவற்றின் வரிசை, எழுத்துகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் நிறமும் வரிசையும் போதும், எந்த நாட்டில் கட்டியது என்பது தெரிந்துவிடும். எழுத்துக்காகப் பறவையைத் துரத்த வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே வீடியோ எடுத்து, பிறகு ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் படியுங்கள்.

இப்படிக்கு,
அடையாறு, எண்ணூர்க் கரைகளில் பறவைகளை எண்ணுவோர்