நம்மட கழகத்தின் ஆண்டறிக்கை – செயலாளர்

தலைவருக்கும் வந்திருக்கிற அங்கத்தவர்மாருக்கும் வணக்கம். வராத ஆக்களுக்கு வட்ஸ்அப்பில போடுறன், வாசிச்சாக் காணும்.

சித்திரை விளையாட்டு நடந்தது. கோயில் திருவிழாவுக்குத் தண்ணிப்பந்தல் போட்டம். மாரிக்கு முன்னம் வாய்க்கால் துப்பரவாக்கினம். கிரிக்கெட் அரையிறுதியோட முடிஞ்சு, அதக் கதைக்கத் தேவல்ல.

இனி பல்லு விசயம். பல் டொக்டர் அம்மாவக் கூப்பிட்டு நம்மட புள்ளயளுக்கு ஒரு கூட்டம் வெச்சம், அதுக்குப் பிரஷ்ஷும் வாங்கினம். "கழகக் காசில பிரஷ் வாங்கினவன்" எண்டு எனக்குப் பட்டமே வெச்சாச்சு, அதால விளக்கமாவே எழுதுறன். பள்ளிக்கூடத்துப் பல் கிளினிக்கில பாக்கிறது பதிமூணு வயசு வரைக்கும்தான், பிறகு ஓஎல் சோதினை, டியூசன் எண்டு ஓடுற புள்ளயள முகம் வீங்கினாத்தான் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்துறம். நம்மட கழகத்தில கூட இருக்கிறதே அந்த வயசுதானே! டியூசன் இடைவேளையில ஒரு சோடாவ வெச்சு மணித்தியாலக் கணக்கா உறிஞ்சிறதுதான் பல்ல அரிக்குமாம், குடிச்ச உடனே பிரஷ்ஷும் பண்ணப்படாது, அரை மணித்தியாலமாவது பொறுக்கோணும். இத டொக்டர் அம்மா சொல்ல ஏஎல் பயோ படிக்கிற பொடியனுகளே முழிச்சானுகள். இரவில ஃப்ளோரைட் பேஸ்ட்டால ரெண்டு நிமிசம் தேய்ச்சுத் துப்பினாச் சரி, தண்ணி விட்டுக் கொப்பளிச்சா மருந்தெல்லாம் போயிரும். பல் முரசில ரத்தம் வருதெண்டு பிரஷ்ஷ விடுறதும் பிழை, அந்த இடத்தத்தான் மெதுவா இன்னும் வடிவாத் தேய்க்கோணும், அப்பயும் நிக்காட்டி டொக்டரிட்டப் போகோணும்.

மறுகா வாய் எவ்வளவு திறக்குதெண்டு பாக்க மூணு விரல ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வாய்க்குள்ள விடச் சொன்னாங்க. எல்லாருக்கும் போச்சு. ஒரு தம்பிக்கு ரெண்டுக்கு மேல போகல்ல. முதல்ல பகிடியா நிண்டவன், பிறகு சத்தமில்ல. பாக்குப் பக்கெட் பழக்கம். புகையில சேத்து மெல்லுற பாபுல் பக்கெட்டுக்கு 2016ல தடை வந்தது, ஆனா புகையில இல்லாத வெறும் பாக்கே கன்னத்த உள்ளுக்க இறுக்கி வாயத் திறக்க ஏலாமப் பண்ணிப்போடும், புற்றுநோயிலயும் கொண்டு விடும். நம்ம நாட்டு ஆம்பிளயளுக்கு ஆகக் கூடுதலா வாற புற்றுநோயே வாயிலதான். இதச் சொல்லிக்கொண்டிருக்கக்குள்ள நம்மட மூத்த அங்கத்தவர் சிலபேர் வெத்திலை வாயோட வாசல்ல நிண்டு சிரிச்சவங்க, பேர் எழுதல்ல, அவங்களுக்கே தெரியும். நிர்வாக சபையில பாதி அண்டைக்கு எட்டியும் பாக்கல்ல.

கணக்கு வரவும் செலவும் ஏறக்குறைய சரி. புத்தகம் பொருளாளரிட்ட இருக்கு, அவர் வந்தாப் பாக்கலாம். சந்தா கட்டின ஆக்கள விடக் கட்டாத ஆக்கள்தான் கூட, வெளிநாட்டில இருக்கிற அண்ணமார் அனுப்பாட்டி லைட் பில்லும் கட்டியிருக்க ஏலாது.

டொக்டர் அம்மாவுக்கும், கதிர தந்த வாசிகசாலைக்கும், தேத்தண்ணி ஊத்தின மாதர் சங்கத்துக்கும் நன்றி (சீனி போடாம எண்டு சொல்லியும் போட்டாங்க).

வாற வருசம் அந்தத் தம்பிக்குக் கிளினிக் துண்டு இருக்கு, பைக் வெச்சிருக்கிற ஆராவது மாறி மாறிக் கூட்டிப்போனா நல்லம், இப்ப நான் மட்டும்தான். செயலாளர் பதவிக்கு விருப்பமான ஆக்கள் தாராளமா வரலாம், எனக்கு ஒண்டுமில்ல. பிரஷ் வாங்கின கடைப் பாக்கி மட்டும் என்ட பேரில கிடக்கு, சந்தாவ இந்த மாசத்துக்குள்ள கட்டினா அதத் தீர்த்துப்போட்டே கொப்பியக் கையில தருவன்.