பி27 இருந்தால் பிள்ளைக்கும் சோதிக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எனக்கு அடிக்கடி யுவியைட்டிஸ் வரும். கண்ணுக்குள் உண்டாகும் அழற்சி இது. ஒரு கண்ணில் ஆறினால், சில மாதம் கழித்து மற்றதில் கிளம்பும். ரத்தத்தில் ஹெச்எல்ஏ-பி27 இருப்பது தெரிந்ததிலிருந்து, மகளுக்கும் அதைச் சோதித்துவிடு என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். நான் சம்மதிக்கவில்லை.

ஹெச்எல்ஏ என்பவை செல்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள். உடம்புக்குச் சொந்தமானது எது, அந்நியமானது எது என்று நோய் எதிர்ப்பு அணுக்கள் பிரித்தறிய இவை உதவுகின்றன. இவற்றில் பி27 வகைக்கும் கண்ணின் முன்பகுதி அழற்சிக்கும் உள்ள தொடர்பு 1973-லேயே வெளியானது. திடீரென்று வரும் அந்த அழற்சியில், மேலைநாட்டு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் பி27 காணப்படுகிறது. ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கக் கண்ணில் ஒன்றும் வருவதில்லை. உறவினர்கள் முதல் கணக்கை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பேர்ட்ஷாட் என்ற விழித்திரை நோயில் இது இன்னும் தெளிவு. அந்த நோயாளிகளில் அநேகமாக எல்லோரிடமும் ஏ29 என்ற வேறொரு ஹெச்எல்ஏ வகை உண்டு. ஏ29 உள்ளவர்களிலோ அந்த நோய் மிக மிக அபூர்வம்.

மகளுக்கு என்னிடமிருந்து பி27 மரபணு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. வந்திருந்தாலும் முன்கூட்டியே கொடுக்க மருந்து கிடையாது. பிறகு எதற்காக ஆரோக்கியமான பிள்ளையின் மனதில் இந்தப் பாரத்தை ஏற்றவேண்டும்?

அறிகுறிகளைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கண் சிவந்து, உள்ளுக்குள் வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை மங்கினால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பீளை தள்ளாததால் பலர் சாதாரணச் சிவப்பென்று விட்டுவிடுகிறார்கள். தாமதித்தால் ஐரிஸ், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரை, பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோடு கண்மணியை விரிக்கும் மருந்தும் தருகிறார்கள். ஸ்டீராய்டை நாமாகக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. கண் அழுத்தம் ஏறும். ஹெர்பீஸ் போன்ற தொற்றாக இருந்தால் நிலைமை மோசமாகும்.

எனக்குப் பி27 முடிவால் கிடைத்த பெரிய பயன் முதுகில்தான். காலையில் இடுப்பு விறைத்துக்கொண்டு, நடமாடினால் தளர்கிறதா என்று அந்த முடிவைப் பார்த்துக் கண் மருத்துவர் கேட்டார். வருடக்கணக்காக அப்படித்தான் இருந்தது; வேலைக் களைப்பென்று நினைத்திருந்தேன். மூட்டு மருத்துவரிடம் அனுப்பினார், முதுகெலும்பு அழற்சி என்று தெரிந்தது. நோய் உள்ளவருக்கு இந்தப் பரிசோதனை வழிகாட்டுகிறது.

என் அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருந்தது. இது நோயைக் குறிப்பதல்ல, பெரும்பாலோருக்குப் பாதிப்பு வராது என்று கீழே இரண்டு வரி அச்சிடப் பரிசோதனைக்கூடங்கள் முன்வர வேண்டும்.

– ஒரு வாசகி