ஓக்மாண்ட் திடல் கண்டிப்பானது, கொடுமையானதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தி, அது நடந்த ஓக்மாண்ட் திடலை ‘வீரர்களை அவமானப்படுத்துவதற்கென்றே அமைத்த நியாயமற்ற இடம்’ என்று குறிப்பிட்டிருந்தது. பிட்ஸ்பர்க் பகுதியில் நெடுநாளாக வசித்து வருபவன், உறுப்பினர் ஒருவரின் விருந்தினனாக அந்தத் தனியார் திடலில் ஒரே ஒரு நாள் ஆடும் வாய்ப்புப் பெற்றவன் என்ற முறையில், அந்தக் கருத்தை மறுக்க வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதல் குழியிலேயே (பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து துளை வரையிலான முழுப் பாதையையும் கோல்ஃபில் குழி என்பார்கள்) அந்தத் திடல் தன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. மேட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் அந்தக் குழியின் புல்தளம், அதாவது துளையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பு, ஆடுபவரை நோக்கி உயர்ந்து பந்தைத் தாங்கிக்கொள்வதற்குப் பதிலாக, அவரை விட்டு விலகிப் பின்பக்கமாகச் சரிகிறது. தளத்துக்கு முன்பாகவே பந்தை விழச் செய்து உருளவிடுங்கள் என்று மட்டைப் பையைச் சுமந்து உடன் வந்த உதவியாளர் சொன்னதை நான் நம்பவில்லை. நேராகத் தளத்தின் மீதே அடித்தேன். பந்து நிற்காமல் ஓடிப் பின்புறப் புல்லுக்குள் போய்விட, நான்கில் முடிக்க வேண்டிய குழியை ஏழில் முடித்தேன். ஆனால் அந்தச் சரிவு என் கண்ணுக்கு எதிரே இருந்தது, எச்சரிக்கையும் கிடைத்தது, தவறு முழுவதும் என்னுடையது. அன்று பதினெட்டுக் குழிகளிலும் இந்த உணர்வுதான் எனக்கு மீண்டும் மீண்டும் வந்தது. அங்கே பந்தை விழுங்கும் ஏரியோ குளமோ கிடையாது. நீர் வடியும் ஓடைப் பள்ளங்களும், ஆழமான மணற்குழிகளும், மூன்றாம் நான்காம் குழிகளுக்கு இடையே தேவாலய இருக்கைகளைப் போல வரிசையாகப் புல்வரப்புகள் எழுப்பிய அந்தப் புகழ்பெற்ற மணல்வெளியும் இருக்கின்றன. அவை எல்லாம் வெளிப்படையாகத் தெரிகிற இடர்கள்.

1903-இல் இதை அமைத்த ஹென்றி ஃபௌன்ஸ் ஓர் இரும்பு எஃகுத் தொழிலதிபர். அவரும், அவருக்குப் பின் அவருடைய மகன் வில்லியமும், தவறாக அடித்த பந்துக்கு உரிய விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். மணற்குழிகளில் ஆழமான சால்கள் விழும்படி கனத்த பற்கள் கொண்ட வாருகோலை இழுத்த அந்தக் காலத்து வழக்கத்தை நானும் நியாயப்படுத்த மாட்டேன். அது பின்னர் கைவிடப்பட்டது. தளங்களின் வேகம், அதாவது அவற்றில் பந்து உருளும் வேகம், அப்படியல்ல, அது அந்தத் திடலின் உயிர். 1935-இல் இங்கே நடந்த அமெரிக்க ஓபனில் ஜீன் சாரஸன் என்ற வீரர் தட்டிய பந்து தளத்தை விட்டே உருண்டு போனதைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், அந்த வேகத்தை அளக்க ஒரு கருவியைச் செய்தார். இன்று உலகெங்கும் புல்தளங்களின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டர் அதிலிருந்து வந்ததுதான்.

பின்னாளில் நட்ட ஆயிரக்கணக்கான மரங்களை 1990-களிலிருந்து வெட்டி அகற்றியதையும் தங்கள் செய்தி குறை கூறியிருந்தது. மரம் வெட்டினார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் மனம் கசந்தது. ஆனால் தொடக்கத்தில் அது மரங்களே அற்ற மேய்ச்சல் வெளியைப் போன்ற நிலம். வெயிலும் காற்றும் தடையின்றிப் பட்டால்தான் அந்தப் புல் உறுதியாக நிற்கும். கிளீவ்லாந்துப் பக்கமிருந்து பென்சில்வேனியா டர்ன்பைக் வழியாகப் பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலுக்கு வரும் நம்மவர்கள் பலருக்கு, தாங்கள் கடந்து வரும் அந்த நெடுஞ்சாலை இந்தத் திடலை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது என்பதே தெரியாது.

எட்டாம் குழி இறுதி நாளில் 301 கெஜம் இருந்தது. மூன்றில் முடிக்க வேண்டிய குழிக்கு அது மிக அதிகம் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனாலும் தளத்தின் முன்புறத்தில் பந்தை உருட்டிச் சேர்க்க வழி விடப்பட்டிருக்கிறது. நியாயமற்ற திடலாக இருந்தால், 1973-இன் இறுதிச் சுற்றில் ஜானி மில்லர் பதினெட்டுத் தளங்களையும் உரிய அடிகளுக்குள் எட்டி 63 அடிகளில் முடித்திருக்க முடியாது. இந்த முறை ஜே. ஜே. ஸ்பான் இறுதிச் சுற்றின் முதல் ஆறு குழிகளில் ஐந்தில் உரிய கணக்கைவிட ஒவ்வோர் அடி கூடுதலாக எடுத்தார். மழை இடைவேளைக்குப் பின் மனம் தேறி, பதினேழாம் குழியின் தளத்தை ஒரே அடியில் எட்டி, கடைசிக் குழியில் 64 அடி தொலைவிலிருந்து பந்தை உள்ளே அனுப்பி, நான்கு சுற்றுகளிலும் மொத்தம் 279 அடிகள் என்ற கணக்கில் வென்றார். பாருக்குக் கீழே, அதாவது திடலுக்கு வகுத்த அடிக்கணக்குக்கும் குறைவாக, முடித்தவர் அவர் ஒருவரே என்பதைத் தங்கள் செய்தி திடலின் குற்றமாகச் சொன்னது. நான் அதை அவருடைய சாதனையாகப் பார்க்கிறேன்.

2028-இல் பெண்களுக்கான அமெரிக்க ஓபன் அங்கே நடக்க இருக்கிறது. அப்போது புள்ளிப் பட்டியலோடு, முதல், எட்டாம், பதினெட்டாம் குழிகளின் வரைபடங்களையாவது, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்ற குறிப்போடு வெளியிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர்