பெரியவரின் பிரைமர் பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே பென்சில்வேனியாவில் குளிர் தொடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவரை உனக்கு நினைவிருக்கும், நீ வந்திருந்தபோது தோட்டத்துத் தக்காளி பறித்துக் கொடுத்தாரே. ஆகஸ்டில் போய்விட்டார். 84 வயது. எனக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். அவர் மகள் கூப்பிட்டு, அப்பாவின் சாமான்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் வீட்டு அடித்தளத்தில், தோட்டா ஏற்றும் அந்த மேசை முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடைசித் தட்டில் பழைய பிரைமர்கள் இருந்தன. பிரைமர் என்றால், நாம் தீபாவளிக்குக் கல்லில் வைத்துத் தட்டிய பொட்டு வெடியின் அண்ணன் என்று வைத்துக்கொள். ஒரு சிறு உலோகக் கிண்ணம், அதற்குள் துளி மருந்து, மேலே கால் வைத்த ஒரு குட்டித் தகடு. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் குத்தினால், மருந்து தகட்டில் நசுங்கித் தீயைக் கக்கும். அந்தத் தீதான் உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். பெரிய ரகமே 5.33 மில்லிமீட்டர் அகலம்தான், துவரம்பருப்பு அளவு.

தூக்கிப் போட மனம் வரவில்லை. 2020, 2021-ல் இந்த ஊர்க் கடைகளில் பிரைமர் கிடைக்காமல் அலைந்தபோது, இதே தட்டிலிருந்து 200 எடுத்துக் கொடுத்தவர் அவர். ஆனால் சோதிக்காமல் ஏற்றவும் துணிச்சல் இல்லை. அடியோடு செத்துப்போன பிரைமரால் பெரிய ஆபத்து கிடையாது. "டிக்" என்று சத்தம் வரும். உடனே திறக்காமல், குழலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்து எடுத்துவிடலாம். அரை உயிரோடு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். அதற்கு உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்க வலு இருக்காது. குண்டைக் கொஞ்சம் தள்ளிக் குழலுக்குள் சிக்கவைக்க மட்டும் வலு இருக்கும். சத்தம் குறைந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடும்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடி ஜாடி. பாதி ஜாடிக்குப் பிரைமர்கள் உதிரியாகக் கிடந்தன. அவரிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும், கண்ணாடி சிதறும். கடையில் வரும் அட்டையில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி வைத்திருப்பதே அதனால்தான். போதாததற்கு, கொட்டிக் கலந்துவிட்டால் எது கைத்துப்பாக்கிக்கு, எது ரைஃபிளுக்கு என்று கண்ணால் பிரிக்க முடியாது. சிறிய ரகத்தில் இரண்டும் ஒரே அளவு, கிண்ணத்தின் தடிமன்தான் வேறு. ஜாடியைத் தொடாமல் மேலே வந்து ஊர்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்பி எடுத்துப் போனார்கள்.

மிச்சம் இரண்டு பெட்டி. ஒன்றில் அவர் கையால் பென்சிலில் "மே 1974" என்று எழுதியிருந்தார். 10 அட்டை, அட்டைக்கு 100. அட்டைக்குப் பத்தாக எடுத்து, மருந்தும் குண்டும் இல்லாத வெறும் கூட்டில் அழுத்தி, கிளப் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டேன். ஒன்பது அட்டையிலும் "பட்" என்று ஒரே மாதிரி கூர்மையான சத்தம். அடியில் இருந்த பத்தாவது அட்டையில் மூன்று "புஸ்" என்றன. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பழுப்பாக ஈரக்கறை. அந்த அட்டையில் மீதி 90 இருந்தது. மூன்றைப் பார்த்த பிறகு மற்றதை நம்ப முடியாது, மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டேன்.

இன்னொரு பெட்டி ராணுவச் சரக்கு, வருடம் இல்லை. 1950-களின் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவத்தின் பெரும்பாலான பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். தூத்துக்குடியில் உப்புக் காற்றோடு வாழும் உனக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு ஆணியை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். ஒன்றின் மேல் இந்தப் பிரைமரின் புகை படும்படி சுட்டேன், மற்றதன் மேல் கடையில் வாங்கிய புதியதை. இரண்டையும் குளியலறை ஜன்னலில் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் முதல் ஆணியில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது. அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். சுட்ட துப்பாக்கியை வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டேன். வெறும் எண்ணெய் உப்பைக் கரைக்காது.

நல்ல ஒன்பது அட்டையிலிருந்து பத்துத் தோட்டா முழுசாக ஏற்றி, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் பார்த்தேன். புதிய பிரைமரில் அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் இடையே நொடிக்கு 40 அடி வித்தியாசம். பழையதில் 95. எல்லாம் வெடிக்கின்றன, ஆனால் ஒரே வலுவோடு வெடிக்கவில்லை. அதனால் அவை காகித இலக்குக்கு மட்டும். அதுவும் ஒவ்வொன்றாக, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுடுவேன். மான் வேட்டைக்குப் புதியதுதான். அரைகுறை வேகத்தில் ஒரு மானைக் காயப்படுத்திக் காட்டுக்குள் விடுவதைப் பெரியவர் மன்னிக்கவே மாட்டார்.

தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி சொல்லும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை சீசன் ஆரம்பம். இந்தத் தடவை நான் தனியாகத்தான் போகவேண்டும். பெட்டியில் "மே 1974" என்று எழுதியிருந்த துண்டை மட்டும் வெட்டி மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் விடு. பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன்.

உன் பழைய அறைத் தோழன்