பிறர் வீட்டு மட்டக்குதிரைகளுக்கு உதவ விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பத்துப் பன்னிரண்டு வயதில் மகளோ மகனோ குதிரை லாயத்துக்குப் போய் உதவ வேண்டும் என்று கேட்டால், நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கிறது. ஒன்று, ‘குதிரை லத்தி அள்ளவா இந்த நாட்டுக்கு வந்தோம்?’ என்ற மறுப்பு. மற்றது, சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்குப் பதிலாக லாய வாசலில் இறக்கிவிட்டு, மாலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும் சம்மதம். குதிரையேற்றப் பள்ளி ஒன்றின் லாயத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் இரு வகைப் பெற்றோரையும் பார்த்துவருகிறேன். மறுப்பவர்களைவிட, இறக்கிவிட்டுப் போகிறவர்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம் என்பதால், இம்மடலின் பெரும்பகுதி அவர்களுக்கானது.

மறுப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். சொந்தமாகக் குதிரை வைத்திருப்போர் மட்டுமே அதனோடு பழக முடியும் என்ற நிலை இந்த நாட்டில் இல்லை. 1929-இல் தொடங்கப்பட்ட, சிறுவர்களுக்கான குதிரையேற்ற அமைப்பான போனி கிளப், சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளையும் குதிரையேற்றப் பள்ளிகள் வழியாக உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. லத்தி அள்ளுவதும் கொட்டிலைக் கூட்டுவதும் குதிரை வளர்ப்பின் பாதி வேலை. பெரும் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அதைச் செய்துதான் சேணத்தில் ஏறுகிறார்கள். நம் பிள்ளைக்கு மட்டும் அது இழிவு என்று நினைப்பதற்கு நான் நியாயம் எதுவும் காணவில்லை.

இனி, இறக்கிவிட்டுப் போகிறவர்களிடம் வருகிறேன். உங்கள் பிள்ளை உதவப் போகும் இடம் எத்தகையது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்கிச் சவாரி கற்றுத்தரும் பள்ளி என்றால் அது தொழில். இலாபத்துக்காக நடத்தப்படும் ஒரு தொழிலில் உதவி செய்யும் பிள்ளை, கையில் ஒரு காசும் வாங்காவிட்டாலும், வேலைக்கு அமர்த்தப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் சட்டம் சொல்கிறது. வேலைக்கான பொதுவான குறைந்தபட்ச வயது 14. உள்ளூர் கவுன்சிலின் துணைவிதிகள் இடம் தந்தால் 13 வயதிலும் இலேசான வேலைகளைச் செய்யலாம், குதிரை லாய வேலையைப் பல கவுன்சில்கள் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அதற்கு அனுமதிச் சீட்டும் பெற வேண்டும். பள்ளித் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம்தான். சனிக்கிழமையில் 15 வயதுக்குட்பட்டவருக்கு ஐந்து மணி நேரம். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வேலை வாங்கக் கூடாது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாளி சுமந்து, கொட்டில் கூட்டி, கடைசியில் அரை மணி நேரச் சவாரியைப் ‘பரிசாக’ப் பெற்றுக்கொண்டு வருவது பல இடங்களில் நெடுங்கால வழக்கம். பிள்ளை மகிழ்ச்சியாகத்தான் திரும்பி வருகிறாள். லாயக்காரரும் கெட்டவர் அல்லர், தீவன விலையும் காப்புறுதிக் கட்டணமும் அவரை நெருக்குகின்றன. ஆயினும் அந்த மகிழ்ச்சியைக் கூலியாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பெற்றோர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது சரியல்ல. ஒருநாள் முழுவதும் ஒரு குதிரையைப் பராமரிக்கக் கற்றுத்தருவதற்குக் கட்டணம் வாங்கி, பயிற்சியாளர் ஒருவரை அருகிலேயே நிறுத்தும் பள்ளிகளும் உள்ளன. அங்கே உங்கள் பிள்ளை மாணவி, இங்கே வேலையாள். இரண்டில் எது நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தனியார் ஒருவரின் மட்டக்குதிரை என்றால் நிலைமை வேறு. அவருடைய பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போயிருக்கும். குதிரை வயலில் சும்மா நிற்கும். வாரத்தில் இரண்டு நாள் வந்து தேய்த்துவிட யாராவது கிடைத்தால் போதும் என்று அவர் நினைப்பார். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் தெளிவாக வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒரு விலங்குக்குப் பொறுப்பாக இருந்தால், அந்தப் பிள்ளையைப் பராமரிப்பவரும் அதற்குப் பொறுப்பாளியே. 1971-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும், 16 வயதுக்குட்பட்டவரின் கைவசம் இருக்கும் விலங்குக்குக் குடும்பத் தலைவரைப் பொறுப்பாளராக வைக்கிறது. டெவனில் வயலிலிருந்து மிரண்டோடிய குதிரைகள் நெடுஞ்சாலையில் காருடன் மோதிய வழக்கில், வைத்திருந்தவர்கள் மீது கவனக்குறைவு எதுவும் இல்லாதபோதிலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவர்களுடையதே என்று 2003-இல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆகவே வயல் வாயிலைப் பூட்டுவது யார், மூன்றாம் தரப்புக் காப்புறுதி யார் பெயரில் உள்ளது, குதிரைக்கு நோய் வந்தால் மருத்துவரை அழைக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். நல்ல உரிமையாளர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்பேன்.

தாளில் எழுத முடியாதவற்றை லாயத்தில் நின்று பார்க்கத்தான் வேண்டும். குதிரையைக் கட்டும் இடத்தைக் கவனியுங்கள். சுவரில் இருக்கும் இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாமல், அந்த வளையத்தில் ஒரு மெல்லிய கயிற்றுக் கண்ணியைப் போட்டு, அந்தக் கண்ணியில்தான் கட்டுவோம். குதிரை மிரண்டு பின்வாங்கினால் முதலில் அந்தக் கண்ணி அறுந்துவிட வேண்டும். இல்லையென்றால் கழுத்தோ சுவரோ பிள்ளையின் விரலோ தாங்க வேண்டியிருக்கும். புல்கட்டுகளில் இப்போது வரும் பிளாஸ்டிக் கயிறு எளிதில் அறுவதில்லை என்பதால் அதன் இழைகளைப் பிரித்து மெலியவைத்துக் கட்டுகிறோம். முடிச்சும் நுனியை இழுத்தவுடன் அவிழ்வதாக இருக்க வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நீங்கள் போகும் லாயத்தில் இந்த மூன்றையும் யாரேனும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள். குளம்பில் ஒட்டிய மண்ணைக் குதிகாலிலிருந்து நுனிப்பக்கமாகச் சுரண்டி எடுக்கக் கற்றுத்தரும்போது, மண்டியிட்டு உட்கார வேண்டாம், குனிந்து நில் என்று கண்டிக்கும் குரல் கேட்டால் நல்ல இடம் என்று நம்பலாம். உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 42 அங்குலத்தைத் தாண்டாத ஷெட்லாண்டு குதிரைகூடப் பெரிய மனிதர் ஒருவரை இழுத்துக்கொண்டு போய்விடும். இந்த நாட்டுச் சட்டம் சாலையில் சவாரி செய்யும் 14 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லும்போதும் அதை அணியச் சொல்வது எங்கள் வழக்கம்.

உணவு விஷயத்தில் நம்மவர்களின் தாராளம் சில சமயம் ஆபத்தாகிறது. வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பிடக் கொடுக்காமல் அனுப்பாத பழக்கத்தைக் குதிரையிடமும் காட்டுகிறோம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தவறான தீனி வயிற்றில் சிக்கினால் உயிருக்கே ஆபத்தாக முடியும். புல்வெட்டிய குவியலை வேலிக்கு மேலாகக் கொட்டுவது அன்பு அல்ல. வசந்த காலத்துப் புல்லில் சர்க்கரை மிகுந்திருப்பதால், எளிதில் கொழுத்துப்போகும் மட்டக்குதிரைகளுக்கு லாமினைடிஸ் என்ற கடுமையான குளம்பு நோய் வரும். அதனால் சில குதிரைகளைப் பசும்புல் இல்லாத மண் தரையில், ‘பட்டினி’ போட்டதுபோல நிறுத்தியிருப்பார்கள். உங்கள் பிள்ளை அதைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு கேரட்டை நீட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

உரிமையாளர்களைத் தேடும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எனக்கு 12 வயது, குதிரை என்றால் உயிர், இலவசமாக ஓட்டக் கிடைக்குமா’ என்று பெயர், ஊர், கைபேசி எண்ணோடு பிள்ளைகளே சமூக வலைத்தளங்களில் எழுதுகிறார்கள். அதை யார் யாரெல்லாம் படிப்பார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது. அந்தச் செய்தியை நீங்கள் எழுதுங்கள், பதிலும் உங்களுக்கே வரட்டும், முதல் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். எழுதும்போது சவாரியைக் கேட்காதீர்கள். எந்த நாள்களில் வர முடியும், என்ன வேலை தெரியும், என்ன தெரியாது என்பதைச் சொன்னால் போதும். சவாரி, நம்பிக்கை வந்தபின் உரிமையாளரே தருவது.

இளையோருக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதுக்காகப் பிள்ளையை லாயத்துக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: அதன் தன்னார்வப் பணிப் பிரிவுக்கு இலாப நோக்கிலான வணிக நிறுவனத்தில் செய்யும் வேலை பொதுவாகக் கணக்கில் வராது. அதற்கு 1969-இல் தொடங்கப்பட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்ற அறக்கட்டளையான ஆர்.டி.ஏ.வின் உள்ளூர்க் கிளையைக் கேட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் பிள்ளை ஏறப்போவதில்லை, ஏறியிருப்பவரின் பக்கத்தில் நடக்கப்போகிறாள். குதிரை மீதுள்ள ஆசை எத்தகையது என்று அறிய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கடைசியாக, கோடை விடுமுறையில் தொடங்க வேண்டாம். ஜூலையில் எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். ஜனவரியில், முழங்கால் வரை சேறும் தண்ணீர்த் தொட்டியில் உடைக்க வேண்டிய பனிக்கட்டியும் இருக்கும்போது, பிள்ளையோடு நீங்களும் ஒரு காலைப்பொழுது லாயத்துக்கு உள்ளே வந்து நில்லுங்கள். எங்களிடம் உதிரி ரப்பர் பூட்ஸ்கள் இருக்கின்றன.

அன்புடன்,
லாயப் பணியாளர் ஒருவர்