16 பிக்சலுக்குள் கபடி

அன்புள்ள செல்வம்,

நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று பெரியவரிடம் விசாரித்தாயாம். இருக்கிறேன். முழங்கால் எப்படி? படி ஏறுகிறாயா, இல்லை இன்னும் பாதிப் படியில் நின்று வீரவசனம்தானா? இங்கே எல்லாரும் சௌக்கியம். நெட்டையன் வழக்கம்போல். நலம் விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒருத்தன்தான் தீர்த்துவைக்கக் கூடிய சிக்கல் இது. அதனால் அவசரப்படாமல் படி.

ஒரு வேலை வந்திருக்கிறது. பல விளையாட்டுகளின் அட்டவணையையும் முடிவுகளையும் ஒரே செயலியில் காட்டப்போகிறார்கள். ஒவ்வொரு விளையாட்டின் பெயருக்கு முன்னாலும் ஒரு குட்டி ஐகான் வேண்டும். மொத்தம் நாற்பது சொச்சம். எல்லாம் பார்த்த மாத்திரத்தில் ஒரே கை வரைந்தது என்று தெரிய வேண்டும், ஆனால் ஒன்றை இன்னொன்றாக யாரும் நினைத்துவிடக் கூடாது. "இதில் என்னடா இருக்கிறது? பந்து வட்டம், மட்டை நீளம்" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறு.

பந்து வட்டம், சரி. கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால், ஹேண்ட்பால், வாட்டர் போலோ, டென்னிஸ், டேபிள் டென்னிஸ் எல்லாமே வட்டம். டேபிள் டென்னிஸ் பந்து 40 மில்லிமீட்டர், கூடைப்பந்து ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். ஐகானில் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை, இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும். அப்புறம் உள்ளே போடும் கோடுதான் அடையாளம். கூடைப்பந்துக்கு ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுக்குக் கோடு, இரண்டு வளைவு. டென்னிஸுக்கு இரண்டு வளைவு மட்டும். கால்பந்துக்கு நடுவில் ஒரு ஐங்கோணம், அதன் முனைகளிலிருந்து ஐந்து கோடு. மற்றதைக் கண்ணே போட்டுக்கொள்கிறது. இதில் வேடிக்கை, இன்றைய உலகக் கோப்பைப் பந்தில் அந்தக் கறுப்பு ஐங்கோணமே கிடையாது. கறுப்பு வெள்ளை டிவியில் தெரிய வேண்டும் என்று 1970 உலகக் கோப்பைக்குக் கொண்டுவந்த டெல்ஸ்டார் பந்தின் முகம் அது. 12 ஐங்கோணம், 20 அறுகோணம். பந்து எப்போதோ மாறிவிட்டது, ஐகான் மட்டும் மாறவில்லை. நான் மாற்றினால் யாருக்கும் புரியாது. மாற்றவில்லை.

ஹேண்ட்பாலுக்கு அந்தக் கதியும் இல்லை. அந்தப் பந்து கால்பந்தின் தம்பி மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு கை வரைந்தே ஆக வேண்டும். இங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. ஒரு ஐகானில் கை வந்துவிட்டால் மற்றவற்றில் ஏன் வரவில்லை என்ற கேள்வி உடனே வரும்.

அதற்கு முன் கட்டம். உனக்குக் கணக்கு வாத்தியார் ஞாபகம் வரும், பரவாயில்லை. 24க்கு 24 பிக்சல் பெட்டி; பிக்சல் என்றால் திரையின் மிகச் சிறிய புள்ளி. சுற்றிலும் 2 விட்டுவிட்டால் வரைய 20 மிஞ்சும். வட்டத்தை 20 முழுக்க வரையலாம். சதுரத்தையும் 20க்கு வரைந்தால் பக்கத்தில் இருக்கும் வட்டம் இளைத்துப்போன மாதிரி தெரியும். அதனால் சதுரத்துக்கு 18. பரப்பளவைப் போட்டுப் பார்: 20 விட்டமுள்ள வட்டம் 314, 18 பக்கமுள்ள சதுரம் 324. அளவுகோல் இவை வேறு வேறு என்கிறது, கண் ஒன்று என்கிறது. இந்த வேலையில் கண் சொல்வதே செல்லும்.

கோட்டுத் தடிமன் 2. அதுவரை சுகம். பிறகு அதே படத்தை 16க்குச் சுருக்கினால் 2 என்பது 1.33 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு பிக்சலைத் திரை எங்கிருந்து காட்டும்? பக்கத்துப் பிக்சலில் சாம்பல் பூசி ஒப்பேற்றும். படம் முழுக்கப் பனி படிந்த கண்ணாடியாகிவிடும். ஆகவே 16க்குத் தனியாக, முதலிலிருந்து வரைய வேண்டும். கிரிக்கெட் ஸ்டம்ப் மட்டும் கடவுள் எனக்காகவே படைத்தது: மூன்று ஸ்டம்ப், ஒவ்வொன்றும் 2 அகலம், நடுவில் இரண்டு இடைவெளி, அவையும் 2. மொத்தம் 10. இரண்டு பக்கமும் 3 விட்டால் சரியாக 16. மேலே பெயில்ஸுக்கு ஒரே ஒரு பிக்சல் உயரம். அதை ஒரே கோடாக இழுத்துவிட்டால் பார்க்கிறவர்கள் சீப்பு என்கிறார்கள். நடு ஸ்டம்ப்புக்கு மேலே இரண்டு பிக்சல் அழித்து அதை இரண்டு பெயில்ஸாகப் பிரித்ததும் கிரிக்கெட் என்கிறார்கள். இரண்டே பிக்சல்! இதைச் சொன்னால் வீட்டில் யாரும் மதிப்பதில்லை, உன்னிடமாவது சொல்லிக்கொள்கிறேன்.

செஸ்ஸுக்குக் குதிரை வரைந்தேன். நோட்டில் நீ வரைந்த குதிரையை வைத்து அல்ல, பயப்படாதே.

இப்போது பெரிய கேள்வி: ஆளை வரைவதா, கருவியை வரைவதா? இந்தத் தலைவலி எனக்கு முன்னாலேயே பெரிய பெரிய ஆட்களுக்கு வந்திருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் எல்லா விளையாட்டுக்கும் முறைப்படி ஒரே வரிசையில் சின்னங்கள் போட்டார்கள். வருகிறவர்களுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது, அவர்களுடைய மொழிகளையெல்லாம் ஒரு பலகையில் எழுதவும் முடியாது. மசாரு கட்சுமி தலைமையில் ஒரு குழு வேலை செய்தது. விளையாட்டுச் சின்னங்களை வரைந்தவர் யோஷிரோ யமாஷிதா. நாலே வருடத்தில் மெக்ஸிகோ எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. 1968ல் லான்ஸ் வைமனும் கூட்டாளிகளும் முழு ஆளையே விட்டுவிட்டார்கள். உடம்பின் ஒரு பகுதி, அல்லது கருவி, அவ்வளவுதான். நீச்சலுக்குத் தண்ணீருக்கு மேலே ஒரு கை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது 1972 மியூனிக். ஓட்ல் ஐஷர் மறுபடி ஆளைக் கொண்டுவந்தார், ஆனால் கறாரான சட்டம் போட்டு. தலை ஒரு வட்டம். கை, கால், உடம்பு எல்லாம் படுக்கையாக, நெட்டுக்குத்தாக, அல்லது 45 டிகிரிச் சாய்வாக மட்டும். வேறு கோணத்துக்கு அனுமதி இல்லை. அந்தச் சில குச்சிகளை வைத்துக்கொண்டு அவர் குத்துச்சண்டையும் போட்டார், குதிரையும் ஏற்றினார். 1976 மாண்ட்ரியலும் அதையே எடுத்துப் பயன்படுத்தியது. இன்றைக்கு உலகத்தில் எந்த விளையாட்டு அரங்கத்துக்குப் போனாலும் சுவரில் இருப்பது அநேகமாக அவருடைய பேரப்பிள்ளைகள்.

செல்வம், இதை எழுதும்போது கொஞ்சம் நிறுத்திவிட்டேன். ஐஷர் கல்யாணம் செய்துகொண்டது இங்கெ ஷோல் என்ற பெண்ணை. நாஜிகளை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் போட்டதற்காக 1943ல் தலை வெட்டப்பட்ட ஹான்ஸ், சோஃபி ஷோல் இருவரும் அந்த அம்மாவின் கூடப்பிறந்தவர்கள். 1936ல் பெர்லினில் நடந்த ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜெர்மனிக்குக் கிடைத்த கோடைக்கால ஒலிம்பிக் மியூனிக்தான். அந்த வீட்டுக்காரன் உட்கார்ந்து வரைந்த மனிதனைப் பார்: முகம் இல்லை, கொடி இல்லை, சீருடை இல்லை, எந்த இனம் என்று சொல்ல முடியாது. எறிகிறான், தாண்டுகிறான், நீந்துகிறான். அதே ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டதும் உனக்குத் தெரியும். அந்தக் குச்சி மனிதர்களை நான் இத்தனை காலம் வெறும் சுத்தமான வேலையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிப் பார்க்க வரவில்லை.

சரி, என் பிழைப்புக்கு வருகிறேன். ஐஷரின் ஆள் சுவரில் நிற்பதற்காகப் பிறந்தவன். 16 பிக்சலில் அவனை நிறுத்தினால் தலைக்கு 3 பிக்சல் கிடைக்கும், மட்டைக்கு ஒன்று. பேட்மிண்டன், டென்னிஸ், ஸ்குவாஷ் மூன்றும் ஒரே ஆள் ஆகிவிடும். ஆகவே கருவிப் பக்கம் சாய்ந்தேன். இறகுப்பந்துக்கு உண்மையில் 16 இறகு, நான் மூன்று கோடு போட்டேன், யாரும் எண்ணப்போவதில்லை. ஹாக்கிக்குக் கொக்கியும் பந்தும், ஐஸ் ஹாக்கிக்கு நீண்ட தட்டையான அலகுள்ள மட்டையும், பந்துக்குப் பதிலாக வரும் ‘பக்’ என்ற தட்டை வட்டும். எமோஜியிலேயே இரண்டுக்கும் தனி இடம் உண்டு, 2015ல் யூனிகோட் என்ற எழுத்துத் தரத்தின் 8.0 பதிப்பில் கிரிக்கெட்டோடு ஒரே வண்டியில் வந்து இறங்கினவை. ஆக, குழப்பாமல் வரைந்துவிடலாம்.

வலமிருந்து இடமாக எழுதும் அரபு மொழிப் பதிப்புக்கு எல்லாப் படத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் திருப்பிவிடுகிறேன் என்று செயலி எழுதும் பையன் கிளம்பினான். அம்புக்குறியைத் திருப்பு, மட்டையைத் தொடாதே என்றேன். ஹாக்கியில் இடக்கைக்காரனுக்கென்று மட்டையே கிடையாது, தட்டையான முகம் இடப்பக்கம்தான். ஓட்டப்பாதையில் ஓடுகிறவனுக்கு இடக்கைதான் உள்பக்கம். திருப்பினால் அத்தனை பேரும் எதிர்த்திசையில் ஓடுவார்கள். பையன் நல்லவன், சொன்னால் கேட்கிறான்.

கேட்காதது கமிட்டி. ஒவ்வொரு விளையாட்டிலிருந்தும் ஒரு பிரதிநிதி. ஒவ்வொருவருக்கும் தன் ஐகான் மட்டும் சின்னதாகத் தெரிகிறது. ஈட்டிக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஈட்டி என்பது ஒற்றைக் கோடு, பக்கத்தில் கூடைப்பந்து தொப்பையும் தொந்தியுமாக உட்கார்ந்தால் இது காணாமல்தான் போகும். மூலைக்கு மூலை சாய்த்து, பிடியைத் தடித்து, அதைப் பற்றிய கையையும் போட்டுக் கொடுத்தேன். செஸ்காரர் குதிரைக்குப் பதில் ராஜா வேண்டும் என்றார். ராஜாவை வரைந்தால் 16ல் மேலே இருக்கும் சிலுவை உதிர்ந்துவிடும், மிஞ்சுவது சிப்பாய். அதைக் காட்டியதும் குதிரைக்கே சம்மதித்தார். கூட்டம் முழுக்க இப்படியே போனது. "எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும்" என்று என்னிடம் எழுதி வாங்கினவர்களும் இதே ஆட்கள்தான்.

அந்த ஈட்டிக் கைதான் எனக்கு வழி காட்டியது. மெக்ஸிகோக்காரர்கள் வழி. ஆள் முழுசாக எங்கேயும் வரக் கூடாது. கருவி தனியாக நின்று பேசினால் கருவி மட்டும். பேசாவிட்டால் அதைத் தொடும் கை அல்லது கால், மணிக்கட்டு வரை, கணுக்கால் வரை, அதற்கு மேல் ஒரு பிக்சல் கிடையாது. விரல் எப்போதும் சேர்ந்தே இருக்கும், கட்டைவிரல் மட்டும் தனி. இந்தச் சட்டத்தைப் போட்டதும் நாற்பதும் தானாக வரிசையில் வந்து நின்றன. கோட்டுத் தடிமனால் வராத ஒற்றுமை இதில் வந்தது. ஜூடோவுக்குக் காலரைப் பிடித்த கை. ஓட்டத்துக்கு ஸ்டார்ட்டிங் பிளாக்கில் ஊன்றிய பாதம். ஹேண்ட்பால் பிரச்சினையும் தீர்ந்தது.

கபடியில் வந்து மாட்டினேன்.

கருவி இல்லை. பந்து இல்லை, மட்டை இல்லை, வலை இல்லை. 1990லிருந்து ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருக்கிற ஆட்டம், வரைவதற்கு ஒரு பொருள் கிடையாது. எந்த நேரத்தில் எதைப் பார்த்தாலும் உடம்புதான். ஏழு பேர் ஒரு பக்கம், ரைடர் ஒருத்தன், 30 விநாடி, தரையில் கோடு. மூச்சை எப்படி வரைவது, சொல். வாய் திறந்த ஒரு முகத்தை விளையாட்டாகப் போட்டுப் பார்த்தேன், பல் டாக்டர் போர்டுக்குப் போகலாம்.

என் கையில் இப்போது இரண்டு படம் இருக்கிறது. ஒன்று ஆங்கிள் ஹோல்ட்: கோட்டைத் தாண்டி நீண்ட பாதம், அந்தக் கணுக்காலைப் பற்றிய ஒரு கை. 24ல் அற்புதமாக இருக்கிறது. 16ல் கையும் காலும் ஒட்டிக்கொண்டு குழாய் ரிப்பேர் என்கிறார்கள். இடையில் ஒரு பிக்சல் வெள்ளை விட்டேன், இப்போது பிடி தெரிகிறது, ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. பிடிக்காத பிடியைப் போட்டால் நீ என்னைச் சும்மா விடுவாயா? இரண்டாவது தொடுகை: தரையில் கோடு, அதற்கு மேலே எட்டி நீட்டிய விரல். தெளிவாக இருக்கிறது. ஆனால் அது கபடிதானா, இல்லை ஏதோ பட்டனை அழுத்தச் சொல்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

கபடிப் பிரதிநிதி பழைய ரைடர். "தொடுறதுதான் சார் கபடி, பிடிக்கிறது மல்யுத்தம்" என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நெட்டையனிடம் கேட்டேன். அவனும் ரைடர், வேறென்ன சொல்வான்? அதையேதான் சொன்னான், கூடவே தன் பழைய கதை ஒன்றையும். நீ லெஃப்ட் கார்னர் ஆடினவன், பிடிதான் கபடி என்பாய் என்று தெரியும். உன்னிடம் அந்தத் தீர்ப்பைக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன்: ரைடரின் கால் உன் பக்கம் வருகிறது, நீ பாயப்போகிறாய், இன்னும் தொடவில்லை. அந்த நேரத்தில் உன் கை எங்கே இருக்கும்? விரல் விரிந்திருக்குமா, சேர்ந்திருக்குமா? உள்ளங்கை மேலே பார்க்குமா, கீழேயா? குதிகால் பக்கமிருந்து வருவாயா, முன்னாலிருந்தா? தொடுவதற்கு முந்தைய அந்த இடைவெளி ஒரு பிக்சல்தான். அது கபடிக்காரன் கண்ணுக்குச் சரியாக இருந்தால் தளர்ந்த பிடி என்ற பேச்சே வராது, தொடுகைக்காரரும் வாயை மூடிக்கொள்வார்.

வரைந்து அனுப்பாதே, தயவுசெய்து. முழங்கால் ஒத்துழைத்தால் யாரையாவது நிற்க வைத்து, காலைப் பிடிக்கப் போகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, பக்கவாட்டிலிருந்து. ஒத்துழைக்காவிட்டால் உட்கார்ந்தபடி கையை மட்டும் காட்டு, அது போதும். அடுத்த கூட்டத்துக்கு முன் வேண்டும், ரைடர் சார் மறுபடி மேசையைத் தட்டுவார்.

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல். இனிமேல் புகாரை நேராக என்னிடமே கொடு.

உன்,
கோட்டான்