அது சிறு அச்சுப்பிழை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளியின் வேகம் குறித்த கட்டுரையில் இருந்த தவறைச் சுட்டி நான் எழுதியதற்கு, ‘சிறு அச்சுப்பிழை, வாசகர்கள் புரிந்துகொள்வார்கள்’ என்று சென்ற இதழில் ஒற்றை வரியில் பதில் தந்திருந்தீர்கள். நொடிக்கு 3×10⁸ மீட்டர் என்று இருக்கவேண்டியது 3×108 மீட்டர் என்று வந்திருக்கிறது. பெருக்கினால் 324. காற்றில் ஒலியே நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒலியைவிட ஒளி மெதுவாகப் போகிறது என்றா பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும்? விளம்பரத்தில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தால் உடனே வருத்தம் தெரிவித்திருப்பீர்கள்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அன்று. கழித்தல் குறிக்குப் பதில் சொற்களை இணைக்கும் சிறுகோட்டைப் போடுகிறீர்கள். அது மேல்வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்க, −5 வெறும் 5 ஆகிக் கீழ்வரிக்கு வந்துவிடுகிறது. தீபாவளி மலரில் வர்க்கமூலக் குறி இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். சமன்பாட்டில் எக்ஸ் நிற்கவேண்டிய இடத்தில் ‘ஒ’ நின்றது. பாமினி எழுத்துருவில் எக்ஸ் விசையில் இருப்பது ‘ஒ’ என்பது தாங்கள் அறியாததல்ல. சமன்பாட்டையும் சேர்த்துப் பக்கம் முழுவதையும் அந்த எழுத்துருவுக்கு மாற்றினால் வேறென்ன வரும்?

நான் பணியில் இருந்தபோது ஒரு தேர்வு வினாத்தாளில் 2⁵ என்பது 25 என்று அச்சாகி வந்தது. வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண், அச்சில் இருந்த 25-ஐ வைத்தே பிசகின்றிக் கணக்கை முடித்திருந்தாள். விடைக்குறிப்பில் இருந்தது 32. மதிப்பெண் போயிற்று. கேட்கப் போன எனக்கும் ‘அச்சுப்பிழைதானே’ என்றுதான் பதில் கிடைத்தது.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் அடுக்காக நிற்கவேண்டிய சின்ன எண்ணைத் தேடி எடுத்து, மேலே ஏற்றி, அடியில் ஈயத்துண்டு கொடுத்து நிறுத்துவார். கணிதம் படித்தவர் அல்லர். கையெழுத்துப் படியில் இருந்ததை அப்படியே கொண்டுவர வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது. தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த ஒளியச்சு மெய்ப்பைக் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படியைக்) கண்டு மனம் பொறுக்காத அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு குனூத், 1977-இல் கணிதத்தை அச்சுக்கோக்கும் ‘டெக்’ (TeX) மென்பொருளையே உருவாக்க உட்கார்ந்துவிட்டார். அடுக்கு, பின்னம், வர்க்கமூலம் எல்லாம் அதில் ஒழுங்காக நிற்கின்றன. இன்றும் அது இலவசம். வசதியில்லை என்று தாங்கள் சொல்ல முடியாது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். அதிலாவது அந்த 8 மேலே ஏறி நிற்கட்டும். இனிக் கணிதம் வரும் பக்கங்களின் மெய்ப்பை அச்சுக்குப் போகுமுன் கட்டுரையாளருக்கு அனுப்புங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், ஊதியம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கும்பகோணம்.